தனிப்பள்ளியா, தனிப்பந்தியா?

ஆம்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் அண்மையில் பேசச் சென்றிருந்தேன். பேச்சு முடியும் தறுவாயில் மேடைக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்தது. பென்சிலால் எழுதிய சில வரிகள்.

"இவ்வூர் முஸ்லிம் பெரியவர்கள் உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கப் பணம் திரட்டுகிறார்கள். நம் கிளைக் கழகமும் துணை நிற்கவேண்டும் என்று கேட்கிறார்கள். மதம் மனிதரைப் பிரிக்கிறது என்று மேடைதோறும் முழங்குகிற நாம், ஒரு மதத்தாரின் பள்ளிக்கு எப்படித் துணை நிற்பது? பகுத்தறிவு இதற்கு இடந்தருமா?"

பெயர் இல்லை, கையொப்பம் இல்லை. மணி பத்தை நெருங்கிவிட்டது. பத்துக்குமேல் ஒலிபெருக்கி பேசக்கூடாது என்பது சட்டம். ஆகவே, "விடை ஞாயிறு ஏட்டிலே வரும்" என்று கூறி இறங்கிவிட்டேன். கேட்டவர் நம்மவர். கேள்வி நேர்மையான கேள்வி. நேர்மையான கேள்விக்கு மழுப்பலான விடை தருவது, கேட்டவரை இழிவுபடுத்துவதாகும்.

விடையை முதலிலேயே கூறிவிடுகிறேன். துணை நிற்கலாம், நிற்கவேண்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு! ஏன் என்பதைத்தான் இனி விளக்கப்போகிறேன்.

இதே கேள்வியை வேறொரு கூட்டமும் கேட்கிறது. அந்தக் கூட்டத்தாருக்குப் பகுத்தறிவின்மீது பற்றில்லை, பள்ளியின்மீதும் பரிவில்லை. 'தனிப்பள்ளியா? பிரிவினை! பிரிவினை!' என்று பறை கொட்டுவது அவர்கள் தொழில். நம் தோழரின் கேள்வியும் அவர்களின் கூச்சலும் ஒரே சொற்களை அணிந்து வருவதால், முதலில் அந்தக் கூச்சலைத் தனியே பிரித்து எடுத்துவிடுவோம். நாடகம் எழுதுகிறவன் நான். ஆகையால் ஒரு சிறு காட்சி.

"ஏனய்யா உங்களுக்குத் தனிப்பள்ளி? பொதுப்பள்ளி இருக்கிறதே, அங்கே அனுப்பு உன் மகளை!"

"அனுப்பினேன், ஐயா. வாயிலிலேயே நிறுத்திவிட்டார்கள். தலையில் முக்காடு இருக்கிறதாம்."

"அதை எடுத்துவிட்டு அனுப்பு!"

"எடுப்பதா வேண்டாமா என்பதை அவள் படித்துத் தெளிந்து முடிவு செய்யட்டும். அதுவரை எங்கே படிப்பாள்?"

"அது என் கவலை அல்ல."

"அதனால்தான் ஐயா, நாங்களே ஒரு பள்ளி கட்டுகிறோம்."

"பார்த்தீர்களா! பார்த்தீர்களா! பிரிவினை!"

உரையாடல் நான் புனைந்தது. அதன் முதற்பகுதியில் வரும் நிகழ்ச்சி புனைந்ததல்ல. 2022ஆம் ஆண்டு பிப்ரவரியில், கர்நாடக மாநிலத்தில், முக்காடு அணிந்த மாணவிகள் கல்லூரி வாயில்களில் நிறுத்தப்பட்ட காட்சியை நாடே கண்டது. மார்ச் 15இல் அம்மாநில உயர்நீதிமன்றம் தடை செல்லும் என்றது. அக்டோபர் 13இல் உச்சநீதிமன்றத்தின் நீதிபதிகள் இருவர் இருவேறு தீர்ப்பு அளித்தனர். நீதிபதிகளுக்கே ஒருமித்த கருத்து இல்லை; ஆனால் வாயிற்கதவைச் சாத்தியவர்களுக்கு ஐயமே எழவில்லை!

முக்காட்டைப் பற்றி எனக்கும் கருத்து உண்டு, மறைக்கவில்லை. எந்தப் பெண்ணின் தலைமீதும் எந்த மதமும் எதையும் சுமத்தலாகாது என்று எண்ணுபவன் நான். ஆனால் அதைக் களைவதற்குத் துணிவு வேண்டும். துணிவு பிறக்க அறிவு வேண்டும். அறிவு பெறப் பள்ளி வேண்டும். பள்ளியின் கதவைச் சாத்திவிட்டு, 'பகுத்தறிவோடு நடந்துகொள்' என்று தெருவில் நிற்கும் பெண்ணுக்கு உபதேசம் செய்வது எந்த ஊர்ப் பகுத்தறிவு?

பொதுப்பள்ளிக்கு வந்தால் வாயிலில் நிறுத்துவது. தனிப்பள்ளி கட்டினால் பிரிவினை என்று பழிப்பது. இவ்விரண்டையும் ஒரே வாய் பேசுகிறதென்றால், அந்த வாய்க்கு வேண்டுவது பொதுப்பள்ளியும் அல்ல, ஒற்றுமையும் அல்ல, படிக்காத முஸ்லிம்! அதுதான் வேண்டுவது.

சரி, ஒரு சமுதாயத்தார் நடத்தும் பள்ளி பிரிவினையைத்தான் வளர்க்கும் என்பது உண்மையா? வரலாற்றைக் கேட்போம்.

இராமேசுவரத்திலே படகு வைத்திருந்த ஒரு முஸ்லிம் குடும்பத்துச் சிறுவன், இராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலே படித்தான். அது கிறித்தவப் பெரியார் ஒருவரின் பெயர் தாங்கிய பள்ளி. பிறகு திருச்சி தூய வளனார் கல்லூரியிலே பயின்றான். அது இயேசு சபையாரின் கல்லூரி. அந்தச் சிறுவன் கிறித்தவனாகி வெளியே வரவில்லை, விஞ்ஞானியாகி வந்தான். 2002இல் குடியரசுத் தலைவராகி நாட்டின் தலைமைப் பீடத்தில் அமர்ந்தார் அப்துல் கலாம். பாதிரிமார் நடத்திய பள்ளி நாட்டைப் பிளந்துவிட்டது என்று அன்று யாரேனும் ஓலமிட்டார்களா?

இன்னொன்று. பச்சையப்ப முதலியாரின் அறக்கொடையில் எழுந்த பச்சையப்பன் கல்லூரியில், 1947 வரையில், இந்து மாணவர்களுக்கு மட்டுமே இடம். அந்தக் கல்லூரியிலே படித்தவர்தான் அண்ணா. கல்லூரியின் வாயிலில் இருந்த வேலி அவருடைய உள்ளத்திலே இருந்ததா? இல்லை! 1967இல் காயிதே மில்லத்தோடு கைகோத்துத் தேர்தல் களம் கண்டவர் அவர். அந்தக் காயிதே மில்லத் இசுமாயில் சாகிபு யார்? முஸ்லிம் லீகின் தலைவர். அரசியல் நிர்ணய சபையிலே 1949இல் தமிழின் சிறப்பை எடுத்துரைத்து, தமிழுக்கு ஆட்சிமொழித் தகுதி கேட்டவர். பிரிவினைவாதி என்று யாரைச் சுட்டினார்களோ, அவரல்லவா நம் தாய்மொழிக்காக டில்லியிலே எழுந்து நின்றார்!

சென்னையிலே தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் 1902இல் பிறந்தது. வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி 1919இல் எழுந்தது. திருச்சி ஜமால் முகமது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இல் தோன்றின. பெண்களுக்கென்று நீதிபதி பஷீர் அகமது சையீத் 1955இல் சென்னையிலே ஒரு கல்லூரியை நிறுவினார். தோல் வணிகரும் நிலக்கிழாரும் கடல் கடந்து பொருளீட்டியோரும் அள்ளிக்கொடுத்த பணம் அவற்றின் செங்கல்லிலே இருக்கிறது. இன்று அந்தக் கல்லூரிகளின் வகுப்பறைக்குள் சென்று பாருங்கள். முருகனும் முகமதுவும் மரியதாசும் ஒரே வாங்கிலே அமர்ந்திருப்பார்கள். நம் கழகக் கூட்டங்களுக்குக் கொடி பிடித்து வருகிற இளைஞர்களில் எத்தனை பேர் அக்கல்லூரிகளின் மாணவர்கள் என்பதை உங்கள் கிளைக் கழகத்திலேயே விசாரித்துப் பாருங்கள்.

பயன் என்ன என்று கேட்போருக்குக் கணக்கு இருக்கிறது. நீதிபதி இராசிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2006இல் அறிக்கை தந்தது. 2001 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களின் எழுத்தறிவு நூற்றுக்கு ஏறத்தாழ 65. முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1. ஆறு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட முஸ்லிம் குழந்தைகளில் நான்கில் ஒரு பங்கு, பள்ளியை மிதிக்காதவர்கள் அல்லது இடையிலே நின்றவர்கள். 'முஸ்லிம் பிள்ளைகள் எல்லாம் மதரசாவிலே முடங்கிக் கிடக்கிறார்கள்' என்று கூறுவோர் கன்னத்திலே அறைவதுபோல் மற்றொரு கணக்கும் அதிலே உண்டு. மதரசாவிலே பயில்வோர் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர்தாம்!

அதே 2001 கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டைப் பாருங்கள். மாநில மக்களின் எழுத்தறிவு 73.5, தமிழ்நாட்டு முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9. நாட்டிலே பின்தங்கியவர்கள், இந்த மண்ணிலே முன்வரிசையில்! வணிகமும் நகர வாழ்வும் அதற்குத் துணைபுரிந்தன, மறுக்கவில்லை. ஆனால் சமுதாயத்தார் கட்டிய பள்ளிகளும், அவற்றை ஐயக்கண்ணோடு பாராத அரசியலும் அதற்குக் காரணம் என்பதையும் யாரும் மறுக்கவியலாது. அந்த அரசியலின் தொடர்ச்சிதான் கலைஞர் ஆட்சி 2007இல் தந்த 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு.

மறுபுறம் டில்லியைப் பாருங்கள். ஒன்று முதல் எட்டாம் வகுப்புவரை சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தந்துவந்த உதவித்தொகையை 2022இல் நிறுத்தினார்கள். அதே ஆண்டு டிசம்பரில், ஆய்வு மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையையும் கைவிட்டார்கள். எட்டு வயதுக் குழந்தையின் சிலேட்டையும் பிடுங்கு, ஆராய்ச்சி மாணவனின் ஏட்டையும் பிடுங்கு. பிடுங்கியபின், 'ஏன் பின்தங்கியிருக்கிறாய்?' என்று கேள்!

'எங்களுக்கு அறிவியல்மீதுதான் அக்கறை. மதக் கல்விமீதுதான் வெறுப்பு' என்றும் அவர்கள் பசப்புவதுண்டு. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து டார்வினின் பரிணாமக் கொள்கையை நீக்கி, 2023இல் புதுப் பாடநூல் அச்சிட்டது எந்த மதரசா? மதரசா அல்ல, தோழர்களே! ஒன்றிய அரசின் பாடநூல் நிறுவனம்!

சட்டம் என்ன சொல்கிறது? மதத்தாலோ மொழியாலோ சிறுபான்மையினராய் உள்ள எவரும் தம் விருப்பப்படி கல்விக்கூடம் நிறுவி நடத்தலாம் என்பது அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு. அது சலுகை அல்ல, அடிப்படை உரிமை. அதே சட்டத்திலே 29ஆம் பிரிவு, அரசுப் பணம் பெறும் கல்விக்கூடம் மதத்தையோ சாதியையோ மொழியையோ மட்டும் காட்டி எவரையும் சேர்க்க மறுக்கலாகாது என்கிறது. 28ஆம் பிரிவு, உதவி பெறும் பள்ளியிலே மதபோதனைக்கு யாரையும் இசைவின்றி உட்படுத்தலாகாது என்கிறது. கேரளக் கல்வி மசோதா பற்றி 1958இல் கருத்துரைத்த உச்சநீதிமன்றம், பிற மதத்தாரைச் சேர்த்துக்கொள்வதால் சிறுபான்மைப் பள்ளி தன் உரிமையை இழந்துவிடாது என்றது. உரிமையும் உண்டு, திறந்த கதவும் உண்டு. சட்டத்தை வகுத்தவர்கள் இரண்டையும் அடுத்தடுத்தே எழுதி வைத்தார்கள்.

இந்தியாவில் மட்டுமல்ல, பல இனத்தாரும் பல மதத்தாரும் கூடி வாழும் நாடு எதுவாயினும் இந்த வழக்கு எழுகிறது. பிரிட்டனில் ஆங்கிலத் திருச்சபைப் பள்ளிக்கும், கத்தோலிக்கப் பள்ளிக்கும், யூதப் பள்ளிக்கும் அரசுப் பணம் நெடுங்காலமாகச் சென்றது. பாடகராகப் புகழ்பெற்று, இஸ்லாத்தைத் தழுவிய யூசுப் இஸ்லாம் இலண்டனில் 1983இல் ஒரு பள்ளி தொடங்கினார். அரசு உதவி கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைந்து, 1998இல்தான் அது கிடைத்தது. பிளாக்பர்ன் நகரிலே முஸ்லிம் பெண்களுக்கெனத் தோன்றிய தவ்ஹீதுல் இஸ்லாம் பள்ளி, தனியார் பள்ளியாய்ப் பிறந்து அரசு உதவிப் பள்ளியாய் வளர்ந்தது. மாணவர் முன்னேற்றத்தை அளக்க அந்நாட்டு அரசு 2019இல் வெளியிட்ட பட்டியலில் முதல் வரிசையில் நின்றது அப்பள்ளி. ஆலைத் தொழிலுக்கு வந்து குடியேறியோர் மிகுந்த நகரம் அது. கணக்கும் அறிவியலும் கற்பித்தால் அங்கும் பெண் வெல்கிறாள்.

இதுவரை கூறியது கூச்சலிடுவோருக்கு. இனிக் கூறப்போவது நம் நண்பர்களுக்கு. பள்ளி கட்ட முன்வந்திருக்கும் அந்தப் பெரியவர்களுக்கு. நண்பரிடம் பேசும்போது நாக்கை மடக்கிக்கொள்வது நட்பு ஆகாது.

உங்களுக்குள்ளேயும் சிலர் சொல்கிறார்கள்: 'மார்க்கக் கல்வி போதும், மற்றதெல்லாம் உலக ஆசை' என்று. 1953இல் இராசாசி, அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். குலக்கல்வி என்று அதற்குப் பெயரிட்டுத் தமிழ்நாடே கொதித்தெழுந்தது. மறு ஆண்டே திட்டம் மாண்டது. வேதியியல் படிக்கவேண்டிய பிள்ளையிடம், 'உன் முன்னோர் ஓதியதை மட்டும் ஓது' என்று சொல்வதும் ஒரு குலக்கல்விதான். பெயர் வேறு, விலங்கு ஒன்று.

சர் சையது அகமது கான் 1875இல் அலிகாரிலே பள்ளி தொடங்கியபோது அவரைக் காபிர் என்று ஏசியவர்கள் இந்துக்கள் அல்லர். அவர் மதத்துப் பழமைவாதிகளே. அந்தப் பள்ளி கல்லூரியாயிற்று, 1920இல் பல்கலைக்கழகமாயிற்று. 1967இல் உச்சநீதிமன்றம் அதற்கு எதிராகக் கூறிய தீர்ப்பை, 2024 நவம்பர் 8இல் ஏழு நீதிபதிகள் அமர்வு, நால்வர் மூவர் என்ற கணக்கில் மாற்றி எழுதியது. ஏசியவர்களின் பெயர் மறைந்தது. பள்ளி நிற்கிறது!

வங்காளத்து ரொக்கையாவின் கதையையும் கேளுங்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டிருக்க, பெண்கள் அறிவியலின் துணையால் நாடாளும் 'சுல்தானாவின் கனவு' என்னும் கதையை எழுதியவர் அந்த அம்மையார். அது 1905இல் அச்சேறியது நம் சென்னையிலே வெளிவந்த ஒரு பெண்கள் ஏட்டில்! கணவர் விட்டுச் சென்ற பணத்தைக்கொண்டு 1911இல் கல்கத்தாவிலே எட்டே மாணவிகளோடு பள்ளி தொடங்கினார். சிறுமியரை அழைத்துவர வண்டி. பர்தா கெடக்கூடாதென்று வண்டியை அடைத்தால், காற்றின்றிக் குழந்தைகள் மயங்கி விழுந்தனர், பெற்றோர் சீறினர். திரை தொங்கவிட்டால், திரை காற்றிலே பறக்கிறதென்று மிரட்டல் கடிதம் வந்தது. இருபுறத்து வசையையும் தாங்கிக்கொண்டு வண்டியை ஓட்டினார் அந்த அம்மையார். முஸ்லிம் பள்ளி என்றால் அது ரொக்கையாவின் பள்ளியாக இருக்கட்டும். அவருக்கு மிரட்டல் கடிதம் எழுதியவர்களின் பள்ளியாக இருக்க வேண்டாம்.

இப்போது சீட்டு எழுதிய தோழரிடம் திரும்புகிறேன். பகுத்தறிவு இடந்தருமா என்று கேட்டீர்கள். நம் இயக்க வரலாற்றிலேயே அதற்கு உரைகல் இருக்கிறது. அதன் பெயர் சேரன்மாதேவி.

1924-25ஆம் ஆண்டுகளில், வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தை எதிர்த்துத் தந்தை பெரியார் போர்க்கொடி உயர்த்தினாரே, எதற்காக? குருகுலம் நடத்தியதற்காகவா? இல்லை. காங்கிரசு நிதி பெற்ற அந்தக் குருகுலத்திலே, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி, மற்றவர்க்கு வேறு பந்தி என்று வைத்ததற்காக! பள்ளியை யார் கட்டினார்கள் என்பதல்ல நம் வழக்கு. கட்டிய பள்ளிக்குள்ளே இலை எப்படிப் போடுகிறார்கள் என்பதே வழக்கு.

இந்த உரைகல் எல்லா நாட்டுக்கும் எல்லா மதத்துக்கும் பொது. பர்மிங்ஹாம் நகரத்து முஸ்லிம் பள்ளி ஒன்று, ஒரே கட்டடத்தில் படித்த சிறுவரையும் சிறுமியரையும் பாடவேளையிலும் இடைவேளையிலும் முழுதும் பிரித்து வைத்தது. சிறுவர்கள் சிற்றுண்டி முடிக்கும்வரை சிறுமியர் காத்திருந்தனர் என்பதும் வழக்கிலே வெளிவந்தது. அது சட்டவிரோதமான பாகுபாடு என்று 2017இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சேரன்மாதேவியிலே சாதியின் பெயரால் தனிப்பந்தி; பர்மிங்ஹாமிலே மதத்தின் பெயரால் தனிப்பந்தி. அதை எதிர்த்த நாம் இதையும் எதிர்ப்போம்.

ஆகவே, உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் செல்லுங்கள். நன்கொடைப் புத்தகத்தை வாங்குங்கள். பெயர் எழுதுமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

பக்கத்துச் சேரிப் பிள்ளை வந்து நின்றால் இடம் உண்டா?

பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே ஆய்வுக்கூடம், ஒரே பாடம், ஒரே மரியாதை உண்டா?

பரிணாமப் பாடத்தை, பக்கத்தைப் புரட்டிவிட்டுத் தாண்டாமல் ஆசிரியர் நடத்துவாரா?

வீட்டிலே உருது பேசும் பிள்ளைக்கு உருதுவும் கற்பித்து, தமிழையும் ஆங்கிலத்தையும் பிழையறக் கற்பிப்பீர்களா?

இறுதியாக, எல்லாவற்றினும் முதன்மையாக: தோல் தொழிற்சாலை முதலாளியின் மகன் அமரும் வாங்கிலே, அதே தொழிற்சாலையிலே தோல் உலர்த்தும் தொழிலாளியின் மகள் அமர முடியுமா? அவளால் கட்ட முடியாத கட்டணத்தை வைத்துவிட்டு, சமுதாயத்துக்காகப் பள்ளி என்று பெயர்ப்பலகை மாட்டினால், அதுவும் தனிப்பந்திதான். சாதியின் பந்தி அல்ல, மதத்தின் பந்தி அல்ல, பணத்தின் பந்தி!

'அரசுப் பள்ளி இருக்கும்போது இது எதற்கு?' என்று இன்னும் சிலர் கேட்கக்கூடும். அரசுப் பள்ளிதான் நம் முதற்கடன். அதிலே இரு கருத்து இல்லை. அரசுப் பள்ளியிலே ஆசிரியர் இல்லையென்றால் போராட வேண்டியவர்கள் நாம்தான். ஆனால் பக்கத்திலே இன்னொரு விளக்கு எரிவதால் நம் விளக்கு அணைந்துவிடாது. கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு வந்தவன் நான். கற்க வாய்த்த கதவு ஒன்று சாத்தப்படுவது என்னவென்று எனக்குத் தெரியும். இருக்கிற கதவு எதையும் மூடு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஐந்து கேள்விக்கும் 'ஆம்' என்று அவர்கள் சொன்னால், தோழரே, கையெழுத்துப் போடுங்கள். கடைக்கால் வெட்டும் நாளில் கடப்பாரையோடு சென்று நில்லுங்கள். 'பிரிவினை' என்று கூவி வருபவன் முன்னே மார்பைக் காட்டி நில்லுங்கள். 'இல்லை' என்று சொன்னால், பகைக்காதீர்கள், விலகாதீர்கள். ஆம் என்று சொல்லும்வரை அவர்கள் வாயிலிலே நின்று கேட்டுக்கொண்டே இருங்கள்.

பள்ளி யாருடையதாயினும் இருக்கட்டும். பந்தி ஒன்றாக இருக்கட்டும்!